பத்தில் ஒரு பங்கு ஹரிக்கேன்

ஹரிக்கேன் என்ற பெயரைச் சொன்னால், மட்டக்களப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெயில் எரியும் அரிக்கன் லாம்புதான். விறாந்தையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மேல்மூடியில் இருந்த பெயரை நான் வாய்விட்டு வாசித்ததைக் கேட்டு, பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மனே, லாம்பா வாங்கினாய்?" என்றார். இறக்கை ஒன்றை எடுத்துக் காட்டினேன். "மறுகா ஏன் இதுக்கு அரிக்கன் எண்டு பேர் வெச்சவனுகள்?" என்று கேட்டார். லாம்புக்கும் விமானத்துக்கும் புயலின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று சொன்னேன். லாம்பு புயலிலும் அணையாது என்பதால் அந்தப் பெயருக்குப் பொருத்தமானது, இது எப்படியென்று பறக்கவிட்டுப் பார்த்துச் சொல்லு என்றார். பறக்கவிட்டுப் பார்த்தும், பிரித்துப் பார்த்தும், அளவுகோலை வைத்து அளந்து பார்த்தும் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மதிப்பீட்டுக்கு எடுத்திருப்பது 1,200 மில்லிமீற்றர் இறக்கை அகலமுள்ள, மின்மோட்டாரில் இயங்கும், ரேடியோக் கட்டுப்பாட்டு மாதிரி விமானம்; இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியப் போர்விமானமான ஹரிக்கேனின் சிறு வடிவம். உடல் முழுவதும் இபிஓ எனப்படும் வார்ப்பு நுரையால் ஆனது. நம் ஊரில் வெள்ளையாக, உதிரும் எந்த நுரையையும் ரெஜிபோம் என்றே அழைத்துவிடுகிறோம். ஆனால் இது ரெஜிபோமைவிட நெகிழ்வானது, விரலால் அழுத்தினால் உடையாமல் பள்ளம் விழும், சுப்பர் குளூ பட்டாலும் கரையாது. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்தத் தொழிலில் ஒரே அச்சில் வார்த்த உடலே வெவ்வேறு பெட்டிகளில் வெவ்வேறு பெயர்களுடன் வருவதுண்டு என்பதால், பெட்டியைவிட உடலைப் பார்த்து எடைபோடுவதே வாங்குபவருக்குப் பயன்படும். அனுப்புகூலியும் வரியும் சேர்ந்து ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாயைத் தொட்டது. ரிமோட்டும் பற்றரியும் அதில் அடங்கவில்லை.

அதே போரின் பெயர்பெற்ற போர்விமானங்களான ஸ்பிற்பயரையோ மஸ்டாங்கையோ விட்டு ஏன் ஹரிக்கேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ளூர்க் காரணம் ஒன்று இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் கப்பல்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலையில், அங்குள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது அணியைச் சேர்ந்த ஹரிக்கேன்கள். அன்றைய தினமே சற்றுப் பிந்தி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் மூழ்கடித்தன. விமானந்தாங்கி என்று பெயரே தவிர, அதன் தளத்தில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. அந்தக் கப்பல் இன்னும் நம் கடலின் அடியில்தான், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அந்த நாளுடன் சேர்ந்த விமானம் ஒன்றை நம் ஊர் வானத்தில் பறக்கவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக இருந்தது.

இனி அளவுகளுக்கு வருகிறேன். அசல் ஹரிக்கேனின் இறக்கை அகலம் 40 அடி, அதாவது 12.19 மீற்றர். ஆகவே 1,200 மில்லிமீற்றர் மாதிரி ஏறத்தாழச் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. இது வாங்குபவருக்கு மிகவும் வசதியான எண், ஏனென்றால் மாதிரியில் எதை அளந்தாலும் பத்தால் பெருக்கினால் அசலில் அது எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். இந்த ஒரு கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாதிரியைச் சுற்றி வந்தாலே, வடிவமைப்பாளர் எங்கே உழைத்திருக்கிறார், எங்கே ஏய்த்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

வெளிக்கோட்டில் அவர் உழைத்திருக்கிறார். ஹரிக்கேனை ஸ்பிற்பயரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அதன் முதுகு. விமானியின் கூண்டுக்குப் பின்னால் உயர்ந்து, பிறகு வால்வரை நேராக இறங்கும் ஒரு கூன். பல மாதிரிகளில் இந்தக் கூனை நிமிர்த்திவிடுவார்கள், அப்போது விமானம் அழகாகத் தெரியும், ஆனால் ஹரிக்கேனாகத் தெரியாது. இதில் கூன் கூனாகவே இருக்கிறது. வாலின் அடியில், சுழன்று விழும் நிலையிலிருந்து மீள்வதற்காகப் பின்னர் சேர்க்கப்பட்ட சிறிய துடுப்பும் மறக்கப்படவில்லை. இறக்கையின் நடுப்பகுதி தட்டையாகச் சென்று, சில்லுக்கால்களுக்கு வெளியே இருந்துதான் மேல்நோக்கிச் சாயத் தொடங்குகிறது. அசலிலும் அப்படித்தான், அந்த இடத்தில்தான் வெளி இறக்கைகள் நடுப்பகுதியுடன் பூட்டப்பட்டன. பெட்டிக்குள் அடங்குவதற்காக மாதிரியின் இறக்கையை எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். அந்த வெட்டை வடிவமைப்பாளர் சரியாக அசலின் பூட்டு இருந்த கோட்டிலேயே வைத்திருக்கிறார். அதனால் பொருத்திய பிறகு தெரியும் இடைவெளி ஒரு குறையாகத் தோன்றாமல், இருக்க வேண்டிய கோடாகவே தோன்றுகிறது. வரைபடத்தைப் படித்த ஒருவர் செய்த வேலை இது என்று அந்த இடத்தைப் பார்த்தபோதே புரிந்தது.

இந்த மாதிரியின் உயிர் என்று நான் சொல்வது பின்னுடலைத்தான். சிட்னி காம் வரைந்து 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த ஹரிக்கேன், பாதி புதிய விமானம், பாதி பழைய இரட்டை இறக்கை விமானம். முன்பகுதியில் உலோகத் தகடு; கூண்டுக்குப் பின்னால் உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச் சட்டங்களும் நீளவாட்டில் ஓடும் மெல்லிய மரப்பட்டிகளும் வைத்து, அவற்றின்மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, இறுகுவதற்கான வார்னிஷைப் பூசியிருந்தார்கள். துணி பட்டிகளின்மேல் விறைத்து நிற்கும். பட்டிக்கும் பட்டிக்கும் நடுவே மிக இலேசாக உள்வாங்கும். நம் வீட்டு முற்றத்தில் இரண்டு தடிகளுக்கு நடுவே நனைந்த சாரத்தைக் கட்டி விட்டால் காய்ந்த பிறகு நடுவில் எப்படி ஒரு தொய்வு நிற்குமோ, அதில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தொய்வை நுரையில் கொண்டுவருவது எளிதல்ல. ஆழம் கூடினால் பூசணிக்காய் வரி போலாகிவிடும், குறைந்தால் வழவழப்பான குழாய் போலாகிவிடும்.

இங்கே அது அமைந்திருக்கிறது. காலை ஆறரை மணிக்கு, வெயில் தாழ்வாக வரும் நேரத்தில், விமானத்தை விறாந்தைக் கட்டில் பக்கவாட்டாக வைத்துப் பார்த்தேன். பின்னுடலின் ஒவ்வொரு பட்டியும் தன் கீழே ஒரு மெல்லிய நிழலைப் போட்டிருந்தது. கூண்டுக்கு அருகில் அகன்று நின்ற நிழல்கள் வாலை நோக்கி நெருங்கி நெருங்கிச் சென்று ஒன்றாகின. கண்ணை மூடிக்கொண்டு விரலை மேலிருந்து கீழாக ஓட்டினால் ஏற்ற இறக்கம் விரலுக்கு மட்டுமட்டாகத்தான் தெரிகிறது. பத்து மீற்றருக்கு அப்பால் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் நிழல்கள் தெரிந்தன. நான் வைத்திருந்த பழைய மாதிரிகள் எதிலும் இல்லாத ஒன்று இது. இதற்காக மட்டுமே கொடுத்த காசில் பாதியை நான் மன்னித்துவிட்டேன்.

மற்றப் பாதியை மன்னிக்க முடியாமல் செய்தவை, இதே வடிவமைப்பாளர் சில அங்குலங்களுக்கு அப்பால் செய்து வைத்திருக்கும் வேலைகள். அசலில் வாலின் செங்குத்துத் துடுப்பும் கிடைத்துடுப்பும் துணி போர்த்தவை. மாதிரியிலோ அவற்றின்மேல் தகட்டுக் கோடுகளும், கோட்டுக்கு இருபுறமும் வரிசை வரிசையாக ஆணிப் புள்ளிகளும் இருக்கின்றன. துணிக்கு மேல் ஆணி அடித்திருக்கிறார்கள்! பின்னுடலைச் செய்தவரும் வாலைச் செய்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை போலும். இறக்கையின் தகட்டுக் கோடுகளிலும் பிரச்சினை உண்டு. ஒரு கோட்டின் அகலத்தை அளந்தேன்: ஒரு மில்லிமீற்றர். பத்தால் பெருக்குங்கள், நிஜ விமானத்தின் இறக்கையில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியதற்குச் சமம். அப்படி ஓர் இறக்கையை, ஹரிக்கேனைச் செய்த ஹோக்கர் தொழிற்சாலையிலிருந்து யாரும் வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வாங்குபவர்களில் பலர் ஆழமான கோடுகளையும் நிறைய ஆணிகளையும் நுணுக்கம் என்று எண்ணி மயங்குகிறார்கள், விற்பனைப் படங்களும் அதை நம்பியே எடுக்கப்படுகின்றன. கைக்கெட்டும் தூரத்தில் பிடித்த படத்தில் அவை பளிச்சென்று தெரியும். ஆனால் பறக்கும் மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சில நிமிடங்கள்தான். முப்பது மீற்றருக்கு அப்பால் ஆணி எதுவும் தெரியாது. கூன் தெரியும், இறக்கையின் சாய்வு தெரியும், வெளிச்சம் உடலில் விழும் விதம் தெரியும், நிறம் தெரியும். நுணுக்கம் என்பதை எண்ணிக்கையால் அளப்பதைவிட, எந்தத் தூரத்தில் எது மிஞ்சி நிற்கிறது என்பதால் அளப்பதே பறக்கும் மாதிரிக்குச் சரியான அளவு என்பது என் கருத்து. இந்த மாதிரியை அந்த அளவில் நிறுத்தினால், அதில் உள்ள நல்லவை எல்லாம் தூரத்திலும் நிற்பவை, கெட்டவை எல்லாம் கிட்டத்தில் மட்டும் உறுத்துபவை. அதனால் திருத்திக்கொள்ளக் கூடியவை. வாலின் கோடுகளையும் ஆணிகளையும் இலேசான புட்டியால் நிரப்பி, காய்ந்ததும் நீரில் நனைத்த மெல்லிய சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். இரண்டு மாலைநேர வேலை. இறக்கைக் கோடுகளை முழுவதும் நிரப்பாமல், அரைவாசி ஆழத்துக்கு நிரப்பி விட்டேன்.

வகைக் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இறக்கையின் முன்விளிம்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பீரங்கிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன; அது மார்க் 2சி வகைக்கு உரியது. ஸ்டிக்கர் தாளில் இருப்பவையோ 1940ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வானத்தில் பறந்த மார்க் 1 விமானங்களின் அடையாளங்கள், அவற்றில் எட்டு இயந்திரத் துவக்குகள் மட்டுமே இருந்தன. தாத்தாவின் கலியாணப் படத்தில் பேரனின் கைத்தொலைபேசியைச் சேர்த்தது போன்ற வேலை இது. நான் மார்க் 2பி வகையாக மாற்றிக்கொண்டேன்: பீரங்கிகளைப் பிடுங்கி, துளைகளை அடைத்து, பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு துவக்கு வாய்களைக் குறித்து, அவற்றின்மேல் சிவப்புப் பட்டி ஒட்டினேன். அசலில் தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் துவக்கு வாய்களைத் துணித் துண்டால் மூடி விடுவார்கள், முதல் வெடியுடன் அது கிழிந்துபோகும். பன்னிரண்டில் வெளிப்புற இரண்டும் இறக்கை விளக்குக்கு அப்பால், சற்று விலகி இருக்க வேண்டும். வரிசையாக ஆறையும் ஒட்டிவிடக் கூடாது. வெப்பநாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களில் பெரும்பாலானவற்றின் மூக்கின் கீழ் தூசி வடிகட்டிக்கான ஒரு பெரிய தாடை இருக்கும். அது பெட்டியில் இல்லை. பழைய குளிர்சாதனப் பெட்டியுடன் வந்த ரெஜிபோம் துண்டில் செதுக்கி, கடதாசி ஒட்டி, பூசி முடித்தேன். அந்தத் தாடை வந்ததும் விமானத்தின் முகமே மாறிவிட்டது. இங்கிலாந்துக்காரன் வெயில் நாட்டுக்கு வந்துவிட்டான்.

நிறத்தைப் பொறுத்தவரை, மேலே மண்ணிறமும் கரும்பச்சையும் கலந்த உருமறைப்பு சரியான அமைப்பில்தான் இருக்கிறது, ஆனால் மினுக்கம் தாங்க முடியவில்லை. போர்விமானத்தின் பூச்சு வெளிச்சத்தை விழுங்க வேண்டும்; இது சீனிப்பாகு ஊற்றிய மாதிரி பளபளக்கிறது. மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சில் அது சரியாகிவிட்டது. அதற்கு முன் நிறங்களில் சிறிது வெள்ளை கலந்து மேலால் மெல்லியதாகப் பூசினேன். தூரத்தில் நிற்கும் பெரிய பொருளின் நிறத்தைக் காற்றும் புழுதியும் வெளுக்கச் செய்கின்றன. சிறிய மாதிரியை அசல் நிறத்திலேயே பூசினால் அது இருண்டு, பொம்மை போலத் தெரியும். வட்ட அடையாளங்களில் நடுச்சிவப்பை நான் விட்டுவைத்தேன். ஜப்பானியரின் செஞ்சூரியனோடு குழம்புவதைத் தவிர்க்க நம் பக்கத்து விமானங்களில் அந்தச் சிவப்பை நீக்கியது பிந்திய கதை, 1942 ஏப்ரலில் அது இருந்தது. புகைபோக்கிக் குழாய்களின் பின்னால் படிந்த கரிக்கு, சிரட்டைக் கரியை மாவாக இடித்து, சுண்டுவிரலால் பின்நோக்கி ஒரே இழுவையாக இழுத்தேன். கடையில் விற்கும் கரிப்பொடி எதுவும் இவ்வளவு நன்றாகப் பிடித்ததில்லை.

கூண்டுக்குள் இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கவசத்துடன் ஒரு மனிதத் தலையின் உயரம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் என்று வைத்தால், மாதிரியில் அது இரண்டரை சென்ரிமீற்றராக இருக்க வேண்டும். பெட்டியில் வந்தவரின் தலை ஒன்றே முக்கால்தான். பத்து வயதுப் பையனிடம் போர்விமானத்தைக் கொடுத்து அனுப்பியதுபோல இருக்கிறது. அதுவும் மார்புக்குக் கீழே உடலே இல்லாத பையன். கருவிப் பலகை கறுப்புத் தாளில் அச்சடித்த படம் மட்டுமே. கூண்டின் சட்டங்கள் வெள்ளிக் கோடுகளாகத் தடித்துப் போயிருக்கின்றன. இந்த விலைக்கு இவை கஞ்சத்தனம்.

தயாரிப்பாளர் மிகக் குறைவாகச் செலவழித்த இடம் அடிப்பக்கம். பறக்கும் மாதிரியை நாம் அதிகம் பார்ப்பது கீழிருந்துதான், அந்தப் பக்கத்தில்தான் திருகாணிகளின் தலைகள் வெள்ளியாக மின்னுகின்றன, துடுப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சேர்வோக்களின் கைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கீழிருந்து பார்ப்பது என்று எழுதும்போது எங்கள் ஊர் வாசகர்கள் வேறொன்றை நினைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பொம்மர், கிபிர் என்ற குண்டுவீச்சு விமானப் பெயர்களைச் சத்தத்தை வைத்தே பழகிய தலைமுறை நாங்கள். விமானத்தின் அடிவயிறு எப்படி இருக்கும் என்று பங்கருக்குள் இருந்து படித்தவர்கள். ஜெற் போர்விமான மாதிரிகளை நான் வாங்காமல் இருப்பதற்கும், இதைப் பறக்கவிட்ட அன்று பக்கத்து வளவுகளுக்கெல்லாம் முதல்நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்ததற்கும் அதுதான் காரணம். பறக்கவிட உரிய அனுமதியும் எடுத்திருந்தேன். விமான நிலையம் உள்ள ஊரில் அதைத் தவிர்க்க யாரும் எண்ண வேண்டாம்.

அடிப்பக்கத்தில் பாராட்ட ஒன்றே ஒன்று இருக்கிறது. ஹரிக்கேனின் வயிற்றின் நடுவே, சில்லுகள் மடங்கும் குழிக்குப் பின்னால், இயந்திரத்தின் நீரைக் குளிர்விக்கும் தொட்டி ஒன்று தொங்கும். மாதிரியில் அதே தொட்டியின் வாயை உண்மையாகவே திறந்து விட்டு, அதனூடாக நுழையும் காற்றைப் பற்றரிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் கொண்டுசென்று, வால் அருகே வெளியேற்றியிருக்கிறார்கள். அசலில் எதற்காக அந்த வாய் இருந்ததோ, மாதிரியிலும் அதற்காகவே இருக்கிறது. வேறு மாதிரிகளில் காற்றுக்காக உடலில் கண்ட இடத்தில் துளை போட்டிருப்பதைப் பார்த்துச் சலித்த எனக்கு, இதைக் கண்டபோது வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

படுவான்கரையில், அறுவடை முடிந்து இறுகிக் கிடந்த வயல் ஓரத்து மண்பாதையில் முதல் பறப்பு. கச்சான் காற்று எழும்பும் காலத்தில் பத்து மணிக்கு மேல் எதையும் பறக்கவிட முடியாது என்பதால் விடியற்காலையிலேயே போய்விட்டோம். கையேட்டில் குறித்திருந்த ஈர்ப்பு மையத்தை நம்பியதுதான் நான் செய்த முதல் பிழை. ஹரிக்கேனின் மூக்கு குட்டையானது, அதனால் இந்த மாதிரிகள் வால்பாரம் கொள்வது இயல்பு. குறித்த புள்ளியில் சமநிலைப்படுத்தி எழுப்பியதும், விமானம் பாம்பைக் கண்ட குதிரைபோல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. விசையை முழுவதும் குறைக்காமல், கீழ்நோக்கித் தள்ளிப் பிடித்து ஒருவாறு இறக்கினேன். வீட்டுக்கு வந்து, வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக் குண்டுகளில் அறுபது கிராம் எடை பார்த்து மோட்டாருக்கு அடியில் ஒட்டிய பிறகு, சமநிலைப் புள்ளி எட்டு மில்லிமீற்றர் முன்னால் வந்தது. அதன் பிறகு விமானம் தண்டவாளத்தில் ஓடுவதுபோலப் பறக்கிறது.

பறக்கும் தோற்றத்தில் ஒரு குறை நிரந்தரமானது, அதற்குத் தயாரிப்பாளரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நீளம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது கனஅளவு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. மூன்றரைத் தொன் நிறையுள்ள ஹரிக்கேனின் மாதிரி மூன்றரைக் கிலோ இருந்தால்தான் அசலின் பாரம் தோற்றத்தில் வரும். இது பற்றரியுடன் 1,750 கிராம்தான். அதனால் காற்றில் சிறிது அலைகிறது, போர்விமானம் அலையக் கூடாத விதத்தில் அலைகிறது. மறுபக்கம், அந்த இலேசான உடல்தான் குறுகிய மண்பாதையில் மெதுவாக இறங்க விடுகிறது. வேகமும் இப்படித்தான்: அளவு பத்தில் ஒன்றாகும்போது வேகத்தையும் பத்தில் ஒன்றாக்கினால் மாதிரி வானத்தில் நிற்கவே முடியாது. பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ மூன்றால் வகுத்த வேகத்தில் பறந்தால்தான் திரும்புவதும் ஏறுவதும் அசலைப்போல இருக்கும். அந்த வேகம் இந்த மோட்டாருக்கு அப்பாற்பட்டது, நம் கண்ணும் அதைக் கேட்பதில்லை. அரை விசையில், அகன்ற வட்டமாக, சாய்வைச் சிறிதாக வைத்துத் திருப்பினால் அதுவே போதும். முழு விசையில் உருட்டிப் புரட்டுபவர்கள் இந்த மாதிரியை வாங்கி வீணாக்க வேண்டாம். அவர்களுக்கு வேறு விமானங்கள் இருக்கின்றன. விசிறியைப் பற்றியும் ஒன்று. அசலின் மூன்றலகு விசிறி விட்டம் பதினொரு அடிக்கு மேல், ஆகவே மாதிரியில் பதின்மூன்று அங்குலம் வேண்டும்; கொடுத்திருப்பது பதினொரு அங்குலம். நிலத்தில் தட்டாமல் இருக்கச் செய்த இந்த விட்டுக்கொடுப்பு, நிறுத்தி வைக்கும்போது மட்டும் தெரிகிறது.

சில்லுக்கால்கள் இந்த மாதிரியின் பெருமையும் தொல்லையும். ஹரிக்கேனின் கால்கள் உள்நோக்கி மடங்குபவை, அகலமாக ஊன்றுபவை. அசலில் இரண்டு சில்லுகளுக்கும் இடையே ஏழரை அடி. மாதிரியில் 230 மில்லிமீற்றர் அளந்தேன், துல்லியம். அதனால் ஸ்பிற்பயர் மாதிரிகள்போலப் பக்கவாட்டில் சரிந்து இறக்கையைத் தேய்ப்பதில்லை. ஆனால் அசலின் கால்கள் விரிந்த நிலையில் சற்று முன்னால் சாய்ந்து நிற்கும், உள்ளே மடங்கும்போது பின்னோக்கியும் நகரும். மாதிரியின் மின்கால்கள் நேர் செங்குத்தாக இறங்கி, நேர் செங்குத்தாக மடங்குகின்றன. சில்லு பின்னால் இருப்பதால் விமானம் மண்ணில் மூக்குக் குத்தத் துடிக்கிறது. மூன்றாவது இறக்கத்தில் குத்தியும்விட்டது; ஓர் அலகு போனது. காலைப் பூட்டும் தட்டின் பின்புறம் ஒன்றரை மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைத் துண்டைச் செருகி, கால்களைச் சில பாகை முன்னால் சாய்த்த பிறகு குத்துவது நின்றது, நிற்கும் தோரணையும் அசலுக்கு நெருங்கியது. இரண்டு கால்களும் ஒரே நொடியில், அணிவகுப்புச் சிப்பாய்கள்போல மடங்குவது என் கண்ணுக்குச் செயற்கையாகத் தெரிகிறது. ஹைட்ரோலிக் கால்கள் பெரும்பாலும் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி ஏறுபவை. வலது காலுக்கு மட்டும் அரை நொடி தாமதத்தை ரிமோட்டில் வைத்துப் பார்த்தேன். எழும்பிச் செல்லும் அந்த ஒரு கணத்தில், பக்கத்தில் நின்ற மாமா, "இது இப்ப மெய்யான பிளேன் மாதிரிப் போகுது மனே" என்றார். ஆணிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் விமானத்துடன் சேர்த்து மூன்றலகு விசிறி இரண்டும், சில்லுக்கால் மோட்டார் ஒரு சோடியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பின்னர் வரவழைத்தால் அனுப்புகூலி பொருளின் விலையை விஞ்சுகிறது, எனக்கு வந்து சேர ஏழு வாரங்களும் ஆயின. 2,200 மில்லியம்பியர் மணி கொண்ட நான்கு செல் லிப்போ பற்றரி ஒன்றுக்கு ஆறு நிமிடம் பறக்கலாம். ஐந்தாவது நிமிடத்தில் இறக்கத் தொடங்குங்கள். கூண்டுக்குள் இருக்கும் பையனை எடுத்துவிட்டு, ரெஜிபோமில் சரியான அளவில் ஒருவரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். தலை முடிந்துவிட்டது, தோள் மட்டும் இன்னும் கூண்டுச் சட்டத்தில் இடிக்கிறது.